பழைய காரின் ஸ்டியரிங்கில் ஆடியோ பட்டன்: கிளாக் ஸ்ப்ரிங்கில் இருந்து தொடங்குங்கள்

பழைய காரில் புது ஆண்ட்ராய்டு ஆடியோ செட் மாட்டியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, கையை எடுக்காமல் ஸ்டியரிங்கிலேயே வால்யூம் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பது. பலர் முதலில் போய் பட்டனை வாங்கிவிடுகிறார்கள். அதன்பிறகுதான் அந்தப் பட்டனிலிருந்து வரும் வயரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி எழுகிறது. இந்த வேலையில் பட்டன் சின்ன விஷயம். சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து அசையாத டேஷ்போர்டுக்கு வயர் எப்படி வரும் என்பதுதான் முழுச் சிக்கலும். அதற்கு விடை தெரிந்தபின் கடைக்குப் போங்கள்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 2011 முதல் 2018 வரை இந்தியாவில் விற்ற இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் போன்ற கார்கள். மேல் வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐயில் ஸ்டியரிங் பட்டன் உண்டு. அடிப்படை எல்எக்ஸ்ஐயில் கிடையாது. அதே காலத்து மற்ற சிறிய கார்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

உங்கள் காரில் இப்போது என்ன இருக்கிறது

ஸ்டியரிங்கைக் கழற்றாமலேயே இதைப் பார்த்துவிடலாம். ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரின் அடிப்பக்கம் இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றி, கவரின் இரு பாதிகளையும் பிரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இண்டிகேட்டர் சுவிட்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே வட்டமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று தெரிந்தால் அதுதான் கிளாக் ஸ்ப்ரிங். சில மெக்கானிக்குகள் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். உள்ளே கடிகார ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட தட்டையான ரிப்பன் வயர் இருக்கும். ஸ்டியரிங் திரும்பும்போது அது இறுகும், விரியும். அறுந்துபோகாமல் மின்சாரத்தைக் கடத்தும்.

டப்பாவே இல்லையென்றால் உங்கள் காரில் ஏர்பேக் இல்லை. ஹாரனுக்கு மட்டும் ஒரு பித்தளை வளையமும் அதை உரசும் ஊசியும் இருக்கும். டிரைவர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். ஆகவே அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட்டுகள் பலவற்றில் இந்த நிலைதான்.

டப்பா இருந்தால், அதன் கீழ்ப்பக்கக் கப்ளரில் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் துண்டு) எத்தனை வயர் வருகிறது என்று எண்ணுங்கள். மஞ்சள் கப்ளரில் இரண்டு வயர் என்றால் அது ஏர்பேக்குக்கு. அதைத் தொடவே வேண்டாம், மல்டிமீட்டர் முனையைக்கூட அருகில் கொண்டுபோக வேண்டாம். பக்கத்துக் கப்ளரில் ஒரே ஒரு வயர் என்றால் அது ஹாரன்; பட்டனுக்கு வழி இல்லை, கிளாக் ஸ்ப்ரிங்கை மாற்ற வேண்டும். நாலைந்து வயர் இருந்தால் அதிர்ஷ்டம்: பட்டன் இடத்திலிருக்கும் வெற்று மூடியை எடுத்துவிட்டுப் பட்டனை மாட்டினாலே போதுமாக இருக்கலாம்.

இதிலிருந்து வழி பிரிகிறது. ஏர்பேக் உள்ள காருக்கு மேல் வேரியன்ட்டின் கிளாக் ஸ்ப்ரிங்கும் பட்டனும். ஏர்பேக் இல்லாத காருக்கு வயர்லெஸ் கிட். ஏர்பேக் இல்லாத காரில் மேல் வேரியன்ட் ஸ்டியரிங்கை முழுசாக வாங்கி மாட்டுவோரும் உண்டு. மாட்டலாம், ஆனால் ஏர்பேக் கம்ப்யூட்டரும் சென்சாரும் இல்லாத காரில் அதன் நடுவிலுள்ள ஏர்பேக் மூடி வெறும் பிளாஸ்டிக்தான். காரை விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுவது நியாயம்.

பட்டன் எப்படிப் பேசுகிறது

பழைய கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. ஒரு சிக்னல் வயர், ஒரு எர்த் வயர், அவ்வளவுதான். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் வேறு வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். செட் தன் பக்கத்திலிருந்து சிக்னல் வயருக்கு ஒரு உள் ரெசிஸ்டர் வழியாக 3.3 அல்லது 5 வோல்ட் கொடுத்துவைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து எந்தப் பட்டன் என்று செட் கண்டுபிடிக்கிறது.

எல்லாக் கார்களும் இப்படி இல்லை. போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பட்டன்கள் ரெசிஸ்டர் மொழி பேசுவதில்லை. டிஜிட்டல் செய்தியாக அனுப்புகின்றன. அந்த ஸ்டியரிங்கை வேறு காரில் மாட்டினாலும், அதே காரில் வெளிச் செட் மாட்டினாலும், நடுவில் மொழிபெயர்க்கும் டிகோடர் பெட்டி வேண்டும். ஸ்டியரிங் அழகாக இருக்கிறதென்று வாங்கிவிட்டு இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செட்டின் பின்பக்கம்

ஆண்ட்ராய்டு செட்டின் வயரிங் கட்டில் கீ-1, கீ-2 என்று ஒட்டிய இரண்டு மெல்லிய வயர்கள் இருக்கும். நிறம் செட்டுக்குச் செட் மாறும். ஒட்டியிருக்கும் சீட்டை நம்புங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சில செட்டுகளில் கீ-எர்த் என்று மூன்றாவதும் உண்டு. இருந்தால் பட்டனின் எர்த்தை அதில்தான் கொடுக்க வேண்டும்.

பயனீர் பிராண்டு செட்டில் கட்டின் நடுவே வயர் இருக்காது, பின்னால் 3.5 மி.மீ. ஜாக் இருக்கும். அது எதிர்பார்ப்பது நிலையான மதிப்புகள்: மியூட் சுமார் 3.3 கிலோ ஓம், அடுத்த பாட்டு 8, முந்தைய பாட்டு 11, வால்யூம் கூட்ட 16, குறைக்க 24 கிலோ ஓம். காரின் பட்டன் மதிப்பு இதோடு ஒத்துப்போக வாய்ப்பில்லை. ஜேவிசி, கென்வுட் செட்டுகளில் நீலம்-மஞ்சள் வயர் ஒன்று இருக்கும். அதில் போவது வோல்டேஜ் அளவு அல்ல, டிஜிட்டல் துடிப்பு. இந்த மூன்று பிராண்டுக்கும் ரெடிமேட் அடாப்டர் வாங்குவதே புத்திசாலித்தனம். ஆண்ட்ராய்டு செட் மட்டும்தான் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளும்.

வாங்கும் முன் ஒரு அளவு

பட்டனைக் கடையிலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பட்டன் கப்ளரின் இரண்டிரண்டு முனைகளாகத் தொட்டு, ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். மதிப்பு மாறும் ஜோடிதான் சிக்னலும் எர்த்தும். மீதி முனைகள் பட்டனுக்குள் ஒளிரும் இரவு விளக்குக்கு. அழுத்தும்போது எண் ஓரிடத்தில் நிற்க வேண்டும். 0.68 என்று காட்டிவிட்டு 0.71, 0.69 என்று ஆடினால் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். சென்னையில் புதுப்பேட்டையில் பழைய பட்டன் நன்றாகவே கிடைக்கும். பழைய கிளாக் ஸ்ப்ரிங்கை மட்டும் வாங்காதீர்கள். ரிப்பன் எத்தனை லட்சம் தடவை திரும்பியது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஏர்பேக்கின் உயிர் அதே ரிப்பனில்தான் ஓடுகிறது. பழைய ஏர்பேக்கும் அப்படித்தான்.

வாங்கும்போது பார்ட் நம்பரோடு கப்ளர் வடிவமும், நடுத்துளையின் அளவும், இண்டிகேட்டரைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் காதுகளும் பழையதோடு பொருந்துகிறதா பாருங்கள். ஒரே மாடலில் வருடம் மாறினால் இவை மாறியிருக்கும்.

தேவையானவை

10 மி.மீ. ஸ்பானர், 17 அல்லது 19 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்), டார்க்ஸ் பிட் செட் (நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்கு), டேஷ்போர்டு நெம்பும் பிளாஸ்டிக் பட்டை, மல்டிமீட்டர், 0.5 சதுர மி.மீ. வயர் சுமார் 3 மீட்டர், சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய், துணி டேப், கேபிள் டை. ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஸ்டியரிங்கைத் திறப்பது

முன்சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். உடனே ஸ்டியரிங்கில் கைவைக்காதீர்கள். பேட்டரி போனாலும் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் வெடிக்கவைக்கும் அளவு மின்சாரம் சிறிது நேரம் தங்கும். 10 நிமிடம் விடுங்கள். உங்கள் காரின் மேனுவல் அதற்குமேல் சொன்னால் அதுவே கணக்கு.

ஏர்பேக் மூடியைப் பிடித்திருப்பது பக்கவாட்டில் இருக்கும் டார்க்ஸ் ஸ்க்ரூவாகவோ, துளைக்குள் ஸ்க்ரூடிரைவர் விட்டு அழுத்த வேண்டிய கம்பி ஸ்ப்ரிங்காகவோ இருக்கும். மூடி வெளியே வந்ததும் மஞ்சள் கப்ளரின் நடுவிலுள்ள பூட்டை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தூக்கிவிட்டுக் கழற்றுங்கள். பூட்டைத் தூக்காமல் இழுத்தால் உடையும். ஏர்பேக்கை அலங்காரப் பக்கம் மேலே பார்க்கும்படி தனியாக வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த ஏர்பேக் தப்பித்தவறி வெடித்தால் ராக்கெட் மாதிரி எழும்பும்.

நடு நட்டை முழுதும் கழற்றாதீர்கள். இரண்டு மூன்று மரை மட்டும் தளர்த்திவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் பிடித்து மாற்றிமாற்றி ஆட்டி இழுங்கள். இறுகியிருக்கும் ஸ்டியரிங் பட்டென்று விடுபடும்போது அந்த நட்டுதான் உங்கள் மூக்கைக் காப்பாற்றும். எடுக்கும் முன் ஷாஃப்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே கோட்டில் மார்க்கர் அடையாளம் போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும், கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

கிளாக் ஸ்ப்ரிங்கை நடுவில் நிறுத்துவது

இந்த வேலையில் பணம் போகும் இடம் இதுதான்.

புதிய கிளாக் ஸ்ப்ரிங் பூட்டுத் துண்டோடு நடுநிலையில் வரும். மாட்டி முடிக்கும்வரை அந்தத் துண்டை எடுக்காதீர்கள். துண்டு இல்லாமல் வந்தாலோ, கையில் சுழன்றுவிட்டாலோ, நீங்களே நடு கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள். லேசாகத் தடுக்கும், அங்கே நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம். அங்கிருந்து மறுபக்கம் கடைசிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பெரும்பாலும் 5 சுற்று வரும். அதில் பாதி, அதாவது இரண்டரைச் சுற்று திரும்பி வந்து, டப்பாவில் பொறித்திருக்கும் அம்புக்குறிகள் எதிரெதிரே வரும்படி நிறுத்தி, மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஏன் இத்தனை கவனம்? சிறிய காரில் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுமார் மூன்றரைச் சுற்று திரும்பும். நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒன்றே முக்கால். ரிப்பனுக்கு ஒரு பக்கம் இரண்டரை. மீதி இருப்பது முக்கால் சுற்றுதான். ஒரு முழுச் சுற்று தள்ளி மாட்டினால் நேர்ச்சாலையில் எதுவும் தெரியாது. ஒரு நாள் நெருக்கமான பார்க்கிங்கில் முழுசாக ஒடிக்கும்போது உள்ளே மெல்லிய ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். அத்தோடு ஹாரனும் பட்டனும் போய், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும்.

ஸ்டியரிங்கை மறுபடி மாட்டும்போது நட்டை மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள். சிறிய கார்களில் இது பொதுவாக 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கைக்கணக்கு இங்கே வேண்டாம்.

ஹாரனைப் பற்றி ஒரு வார்த்தை. மிகப் பழைய கார்களில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் ஹாரனின் முழு ஆம்பியரும் ஸ்டியரிங் வழியாகவே போகும். பித்தளை வளையம் அதைத் தாங்கும். கிளாக் ஸ்ப்ரிங் ரிப்பன் தாங்காது, கருகும். அப்படிப்பட்ட காரில் கிளாக் ஸ்ப்ரிங் மாட்டுவதானால் முதலில் ஹாரனுக்கு ஒரு 4 பின் ரிலே போட்டுவிடுங்கள்.

செட்டுக்கு வயர் இழுப்பது

மேல் வேரியன்ட்டுக்குப் போட்ட வயரிங்கே சில கார்களில் கீழ் வேரியன்ட்டிலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும். செட்டை வெளியே இழுத்து, கிளாக் ஸ்ப்ரிங் கீழ்க் கப்ளரிலிருந்து செட்டின் கப்ளர்வரை, மஞ்சளைத் தவிர்த்து, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா பாருங்கள். வந்தால் ஒரு மணிநேர வேலை மிச்சம். வராவிட்டால் கிளாக் ஸ்ப்ரிங்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து புதிய வயர் இழுங்கள். ஏற்ற இறக்கம் செய்யும் ஸ்டியரிங் என்றால் முழுசாக ஏற்றியும் இறக்கியும் பார்த்து, வயர் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டவும். பிரேக் பெடல் கம்பி, ஸ்டியரிங் ஷாஃப்ட் ஜாயின்ட் இரண்டின் அருகிலும் வயர் தொங்கக் கூடாது.

எர்த்தை அருகில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டில் கொடுக்காதீர்கள். செட்டின் கறுப்பு வயரோடு சேருங்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை உருகி, ஆறு மாதத்தில் வழவழத்துக் கழன்று நிற்கும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

வயர்லெஸ் கிட்

ஏர்பேக் இல்லாத காருக்கு இது போதும். ஸ்டியரிங்கில் மாட்டும் பட்டன் துண்டுக்குள் சிஆர்2032 பட்டன் செல் இருக்கும். டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன ரிசீவர். ரிசீவரின் சிவப்பு வயரை செட்டின் ஏசிசி வயரோடு (சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயர்), கறுப்பை எர்த்தோடு, மீதியைக் கீ-1, கீ-2வோடு சேருங்கள். சிவப்பை நேரடி பேட்டரி வயரில் கொடுத்தால் ராத்திரி முழுக்க ரிசீவர் விழித்திருக்கும்.

இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது நழுவும். வளையத்தில் மாட்டும் கிளாம்ப் வகை பரவாயில்லை. கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, கட்டைவிரல் எட்டும்படி வையுங்கள். முழுசாக ஒடிக்கும்போது உள்ளங்கை உரசிப் பாட்டு மாறுகிறதென்றால் இன்னும் ஒரு விரல் உள்ளே தள்ளுங்கள். காரில் ஏர்பேக் இருந்தால் அதன் மூடியின்மேல் எதையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் அது முகத்தில் வந்து அடிக்கும்.

சேர்ப்பதும் கற்றுக்கொடுப்பதும்

ஏர்பேக் கப்ளரை மாட்டி, பூட்டை அழுத்தியபிறகுதான் பேட்டரி. ஏர்பேக் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் கோளாறுக் குறியீடு பதிவாகிவிடும். பல கார்களில் ஸ்கேனர் வைத்து அழிக்காமல் ஏர்பேக் விளக்கு அணையாது.

ஆண்ட்ராய்டு செட்டில் கார் செட்டிங்ஸுக்குள் ஸ்டியரிங் கற்றல் என்ற பக்கம் இருக்கும். முதலில் பழையதை அழித்துவிடுங்கள். வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே திரையில் அதே படத்தைத் தொடுங்கள். அது நிறம் மாறியதும் பட்டனை விடுங்கள். எல்லாம் முடிந்தபின் சேமியுங்கள். சேமிக்காமல் வெளியேறிவிட்டு செட்டைக் குறை சொல்வோர் ஏராளம்.

கோளாறும் காரணமும்

இரண்டு பட்டன் ஒரே வேலையைச் செய்தால், அவற்றின் வோல்டேஜ் மிக நெருக்கமாக இருக்கிறது. முதலில் செட்டின் உள் ரெசிஸ்டரைக் கண்டுபிடியுங்கள். கீ-1ஐ எதனோடும் சேர்க்காமல் எர்த்தை வைத்து வோல்டேஜ் பாருங்கள், 3.3 என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கீ-1க்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்து மறுபடி பாருங்கள். 1.65 வந்தால் உள்ளே இருப்பது 1 கிலோ ஓம். 0.58 வந்தால் 4.7 கிலோ ஓம். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டாவதால் வகுத்தால் கிலோ ஓமில் விடை வரும்.

உள்ளே 1 கிலோ ஓம் என்றால் பட்டன்களுக்கு 100, 330, 680, 1200, 2200, 4700 ஓம் என்று வைத்தால் 0.3, 0.8, 1.3, 1.8, 2.3, 2.7 வோல்ட் என்று சீரான இடைவெளி கிடைக்கும். உள்ளே 4.7 கிலோ ஓம் என்றால் இதே எண்களை ஏறக்குறைய ஐந்தால் பெருக்குங்கள். பட்டன் பலகையிலிருக்கும் பழைய ரெசிஸ்டரை எடுத்துவிட்டு இவற்றைப் போடலாம். பொறுமை இருந்தால் ஒரு மாலை வேலை.

காலையில் வேலை செய்து, ஹெட்லைட் போட்டதும் பட்டன் குழம்பினால் எர்த்தில் கோளாறு. பட்டன் எர்த்தும் இரவு விளக்கின் எர்த்தும் ஒரே மெல்லிய வயரில் போனால், விளக்கின் மின்சாரம் அந்த வயரில் ஒரு சிறு வோல்டேஜை ஏற்றிவிடும். பட்டன் அளவு அத்தனையும் அந்த அளவு தள்ளிப்போகும். எர்த்தைப் பிரியுங்கள். அது முடியாதென்றால் இரவு விளக்கைத் துண்டித்துவிடலாம்.

ஸ்டியரிங் திரும்பும்போது மட்டும் பட்டன் தானாக வேலை செய்தால் ரிப்பனிலோ கப்ளர் முனையிலோ தளர்வு. கப்ளரை ஒருமுறை கழற்றி மாட்டியும் தொடர்ந்தால் கிளாக் ஸ்ப்ரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறை வண்டியை அணைத்து எடுக்கும்போதும் கற்றது மறந்துபோனால் பட்டனில் தேடாதீர்கள். செட்டின் மஞ்சள் வயர் நிரந்தர பேட்டரியில் இல்லை. சிவப்போடு இடம் மாறியிருக்கும், அல்லது அதன் ஃப்யூஸ் போயிருக்கும்.